பிரசான்ஸுக்கு மெட்டுப் போட வராது என்பவர்களுக்கு

பிரெஞ்சுப் பாடகரும் பாடலாசிரியருமான ழோர்ழ் பிரசான்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரெஞ்சு தெரிந்தவர்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில் இதுதான்: வரிகள் அபாரம், மெட்டுதான் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதே டும்-சக், டும்-சக். மேலோட்டமாகக் கேட்டால் அப்படித்தான் படும். மேடையில் மீசை வைத்த ஒரு தடித்த மனிதர். நாற்காலிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பார், தொடையில் கிட்டார். பக்கத்தில் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் ஒருவர். டிரம்ஸ் கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது, கையை வீசி நடிப்பதும் கிடையாது. 1952 முதல் 1977 வரை கால் நூற்றாண்டு இதே கோலம். இந்த எளிமை தானாக விளைந்ததல்ல. வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அவர் அங்கே வந்து சேர்ந்தார். எதைக் கழித்தார், ஏன் கழித்தார் என்று பார்த்தால் மெட்டுப் போடத் தெரியாதவர் செய்கிற வேலை அது இல்லை என்பது புரிந்துவிடும்.

பிறந்தது 1921 அக்டோபர் 22, தெற்குப் பிரான்ஸில் மத்தியதரைக் கடலோரத் துறைமுகமான ஸெத். அப்பா கொத்தனார், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மா எல்விராவின் பூர்வீகம் தெற்கு இத்தாலி, கடுமையான கத்தோலிக்கர். வீட்டில் எந்நேரமும் பாட்டு. பள்ளியில் அல்ஃபோன்ஸ் பொன்னஃபே என்ற ஆசிரியர் வந்து கவிதையைக் காட்டும்வரை பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பதினேழு பதினெட்டு வயதில் கைச்செலவுக்காகச் சகாக்களோடு சேர்ந்து திருட்டில் இறங்கினான். அக்காவின் நகையும் அதில் போனது. பிடிபட்டார்கள், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஊரில் தலைகாட்ட முடியவில்லை. இதை அவர் 1966இல்தான் பாட்டாக்கினார். அதில் குற்றத்தைப் பற்றிய புலம்பலே இல்லை. காவல் நிலையத்துக்கு மகனை அழைத்துப்போக வந்த அப்பா திட்டாமல், அடிக்காமல், சாதாரணமாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் புகையிலையை நீட்டுகிறார். அவ்வளவுதான் பாட்டு. சம்பவத்துக்கும் பாட்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபத்தேழு வருஷம். அவசரப்படாத ஆள்.

1940 பிப்ரவரியில் பாரிஸுக்கு, அத்தையின் வீட்டுக்கு வந்தார். அங்கே ஒரு பியானோ இருந்தது. யாரும் சொல்லித்தராமல் தட்டித் தட்டி ஸ்வரங்களைக் கண்டுபிடித்தார். ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை. ஜூன் 3 அன்று ஜெர்மானிய விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டதோடு அந்த வேலையும் போனது. 1943 மார்ச்சில் கட்டாய உழைப்புச் சட்டத்தின்கீழ் பெர்லினுக்கு அருகே பாஸ்டோர்ஃபில் இருந்த பி.எம்.டபிள்யூ விமான எஞ்சின் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். ஒரு வருஷம் கழித்துப் பத்து நாள் விடுமுறை கிடைத்தது. ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

ஒளிந்துகொண்ட இடம் பாரிஸின் பதினான்காம் வட்டாரத்தில் ஃப்ளோரிமோன் முட்டுச்சந்து, 9ஆம் எண். ழான் பிளான்ஷ், அவர் கணவர் மர்செல் ஆகிய இருவரின் வீடு. தண்ணீர்க் குழாய் இல்லை, கேஸ் இல்லை, மின்சாரம் இல்லை. நாய், பூனை, கிளி, வாத்து எல்லாம் உண்டு. சில மாதம் பதுங்கி இருக்க வந்தவர் இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். நாடெங்கும் அரங்குகள் நிறைந்து வழிந்த காலத்திலும் குடியிருப்பு அதே சந்துதான். பணம் வந்ததும் அந்த வீட்டையே வாங்கி, தண்ணீரும் மின்சாரமும் போட்டார். மர்செல் இறந்து, ழான் மறுமணம் செய்துகொண்ட 1966இல்தான் வெளியேறினார்.

இந்த வீட்டைத் தெரிந்துகொள்ளாமல் 1954இன் ஒவெர்ன்காரனுக்கான (ஒவெர்ன் என்பது நடுப் பிரான்ஸின் ஒரு பகுதி) பாட்டைக் கேட்பதில் அர்த்தமில்லை. மூன்று பத்தி, மூன்று நன்றி. குளிருக்கு நாலு துண்டு விறகு கொடுத்தவனுக்கு ஒன்று. பசிக்கு நாலு துண்டு ரொட்டி கொடுத்தவளுக்கு ஒன்று. போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது பரிதாபமாகச் சிரித்த அந்நியனுக்கு ஒன்று. ஒவ்வொரு பத்தியிலும் பொருள் சிறியதாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள்: விறகு, ரொட்டி, கடைசியில் வெறும் ஒரு சிரிப்பு. நன்றி மட்டும் குறைவதில்லை. மெட்டு மூன்று தாள வால்ட்ஸ், சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேல். இதை உருகி உருகிப் பாடுகிறவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். அவர் கணக்குப் பிள்ளை வரவு வாசிப்பதுபோலத்தான் பாடுகிறார்.

போர் முடிந்தபிறகு சில காலம் அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகளின் ‘லிபெர்த்தேர்’ இதழில் பிழை திருத்தினார், புனைபெயர்களில் எழுதினார். 1947இல் எஸ்தோனியாவில் பிறந்த யோஹா ஹைமானைச் சந்தித்தார். கல்யாணமும் இல்லை, ஒரே வீட்டில் குடித்தனமும் இல்லை, ஆனால் சாகும்வரை அவர்தான். உன் கையைப் பிடிக்கக் கேட்காமல் இருக்கும் மரியாதை எனக்குக் கிடைக்கட்டும் என்று அவருக்காக எழுதிய பாட்டு 1966இல் வந்தது.

முப்பது வயதுவரை வாய்ப்புக் கேட்டு ஏறி இறங்கியதெல்லாம் வீண். பாடகராகும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை, பாட்டை எழுதி விற்றால் போதும் என்றிருந்தார். 1952 ஜனவரியில் ஸெத்திலிருந்து வந்து பத்திரிகையில் சேர்ந்திருந்த பழைய நண்பர்கள் மோன்மார்த்ரில் பட்டாஷு என்ற பாடகி நடத்திய விடுதிக்கு இழுத்துப் போனார்கள். கச்சேரி முடிந்தபிறகு ராத்திரியில் அவர் வியர்த்து விறுவிறுத்துப் பாட, விடுதியின் பாஸ் வாசிப்பாளர் பியேர் நிக்கோலா தானாகவே வாத்தியத்தை எடுத்துக் கூட வாசித்தார். அன்று தொடங்கிய துணை கடைசிவரை தொடர்ந்தது. சில பாட்டுகளைத் தான் பாடுவதாக ஒப்புக்கொண்ட பட்டாஷு, மற்றவற்றை நீயேதான் பாடவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிலிப்ஸ் கம்பெனியின் ழாக் கனெட்டி கேட்டார், ஒப்பந்தம் போட்டார். மார்ச்சிலேயே முதல் ஒலிப்பதிவு, அதில் ஒன்று ‘கொரில்லா’. விவகாரமான சரக்கு என்பதால் பாலிடோர் என்ற இன்னொரு லேபிளில் வெளியிட்டார்கள்.

அந்தக் கொரில்லாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மெட்டு இல்லை என்கிறவர்கள் முதலில் காட்டும் பாட்டு அதுதான். மொத்தம் இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு இரண்டே. கிட்டார் பழகுகிற எவரும் முதல் வாரத்தில் பிடித்துவிடலாம். கதை: கூண்டிலிருந்து தப்பித்த ஆண் கொரில்லா துணை தேடி ஓடுகிறது. ஊரே சிதறி ஓடிவிட, மிஞ்சி நிற்பது ஒரு கிழவியும் ஓர் இளம் நீதிபதியும். கொரில்லா நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறது. கேட்பவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது கடைசி வரியில் கத்தி இறங்குகிறது: அம்மா என்று அலறிய நீதிபதி, அன்று காலை தான் தலையை வெட்டச் சொன்ன மனிதனைப் போலவே அழுதான்.

இரண்டு கார்டு ஏன் என்பது இங்கே தெரியும். மெட்டு நடுவில் எங்காவது திரும்பியிருந்தால், ஒரு மைனர் கார்டு தலைகாட்டியிருந்தால், ஏதோ வரப்போகிறது என்று காது உஷாராகிவிடும். ஒன்பது பத்தியும் ஒரே ஆட்டமாகப் போவதால்தான் கடைசி வரிக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. அந்த வரிக்கும் மெட்டு மாறுவதில்லை. குரல் தாழ்வதில்லை, வேகம் குறைவதில்லை. பலர் இதைப் பாடும்போது அங்கே நிறுத்தி, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, ‘கவனி, மரண தண்டனைக்கு எதிரான வரி’ என்று சைகை காட்டுவார்கள். பாட்டு அங்கேயே செத்துப்போகும். அரசு வானொலி இதை ஒலிபரப்ப மறுத்தது. 1955இல் தொடங்கிய தனியார் நிலையமான யூரோப் 1தான் முதலில் துணிந்தது. பிரான்ஸ் மரண தண்டனையை ஒழித்த சட்டம் 1981 அக்டோபர் 9ஆம் தேதியிட்டது. பிரசான்ஸ் அதன்பின் இருபது நாள் உயிரோடிருந்தார்.

இனி மறுபக்கம். 1964இல் ஈவ் ரொபெர் இயக்கிய படத்துக்காக எழுதிய ‘லே கொப்பேன் தபோர்’, நண்பர்களைப் பற்றிய படகுப் பாட்டு, அவருடைய எல்லாப் பாட்டிலும் பரவலாகத் தெரிந்தது. இதே டும்-சக்தான், ஆனால் உள்ளே வேறு உலகம். மேஜர் ஸ்கேலுக்கு வெளியே இருக்கிற செவன்த் கார்டு சீக்கிரமே வந்துவிடும். ஒன்று அடுத்ததை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்கும். இது நாட்டுப்பாடல் வழி அல்ல, 1930களின் ஸ்விங் ஜாஸ் வழி. சிறு வயதில் அவர் ஊறிக் கிடந்தது பாடகர் ஷார்ல் த்ரெனேயிலும் ரே வான்துரா இசைக்குழுவிலும் ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டிலும். கடைசிக் காலத்தில் டிரம்ஸ்காரர் முஸ்தாஷும் அமெரிக்க ஜாஸ் வாசிப்பாளர்களும் சேர்ந்து இவருடைய மெட்டுகளை வரிகள் இல்லாமல் ஓர் இசைத்தட்டு முழுக்க வாசித்தார்கள். அவரும் கூட உட்கார்ந்து கிட்டார் போட்டார். மெட்டே இல்லை என்று சாதிப்பவர்கள் அந்தத் தட்டை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

வரிகள் எப்படி மெட்டில் உட்காருகின்றன என்பது இன்னும் நுட்பமான சங்கதி. பிரெஞ்சுச் செய்யுளில் அடியை அசை எண்ணி அளப்பார்கள். நம் நேர், நிரை கணக்கு அல்ல அது. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. இதில் வழுக்கும் இடம், சொல்லின் கடைசியில் வரும் ஊமை எகரம். பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள். செய்யுளில் அடுத்து மெய் வந்தால் எண்ணில் சேரும், உயிர் வந்தால் காணாமல் போகும். உயிர் வந்தால் உக்குறள் மெய்விட்டோடும் என்று நன்னூல் சொல்வதை நினைத்துக்கொண்டால் போதும், கிட்டத்தட்ட அதே நடத்தைதான். படகுப் பாட்டின் தொடக்கத்திலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. இரண்டாம் அடி: து-லா-மே-துய்-ஸ-ஸ-பா-தோ. எட்டு. ‘மேதுய்ஸ்’ என்று பேச்சில் முடியும் சொல்லின் கடைசி எகரம் இங்கே ஒலித்தாக வேண்டும். அதை விழுங்கிப் பாடினால் ஓர் அசை குறைந்து, அடி மெட்டுக்குள் நொண்டும். அடுத்த அடியில் ‘தீஸ்’ என்ற சொல்லுக்கு அடுத்து ‘ஓ’ என்ற உயிர் வருகிறது, அங்கே எகரம் மறைந்து ‘தீ-ஸோ’ என்று சேர்ந்துகொள்கிறது. மறுபடி எட்டு. வெளிநாட்டவர் இந்தப் பாட்டைப் பாடித் தாளம் தப்புவதற்குக் கிட்டார் காரணமில்லை, பெரும்பாலும் இந்த எகரம்தான்.

போதாக்குறைக்கு, வாக்கியத்தை அடியோடு சேர்த்து முடிக்கமாட்டார். அது தெப்பமல்ல என்று முதலடி நிற்கும். எந்தத் தெப்பம் என்பது, 1816இல் தரைதட்டிய மெதூஸ் கப்பலின் தெப்பம் என்பது, இரண்டாம் அடியில்தான் வரும். மெட்டு ஓரிடத்தில் மூச்சு விட, பொருள் வேறிடத்தில் மூச்சு விடுகிறது. இந்த இழுபறிதான் அந்தப் பாட்டின் துள்ளல். பாரிஸ் நகரின் லத்தீன் முத்திரை வாசகம், ட்ரஃபால்கர் கடற்போர், மோன்தேன்-லா போயெசி என்ற பழைய எழுத்தாளர்களின் நட்பு எல்லாம் அதே எட்டு அசைக்குள் வந்து போகின்றன. புத்தகம் படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் தொனி மட்டும் எங்கும் இல்லை.

எழுதும் முறை பற்றி அவரே பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். முதலில் வரிகள். நோட்டுப் புத்தகத்தில் ஓர் அடிக்குப் பல மாற்றுகள் எழுதுவார். மேசையைத் தட்டித் தாளம் பார்ப்பார். பிறகு பியானோவில் மெட்டுத் தேடுவார். கிட்டாரில் தேடினால் கை பழகிய கார்டுகளுக்கே போகும், அதனால்தான் பியானோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே வரிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுப் போட்டு, நாள்பட்டும் சலிக்காததை வைத்துக்கொள்வார். மெட்டு சினிமாவின் பின்னணி இசைபோல இருக்க வேண்டும், தன்னைக் கவனி என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆக, மெட்டு காதில் விழவில்லை என்று குறை சொல்பவர்கள் அவர் ஜெயித்துவிட்டதைத்தான் சொல்கிறார்கள்.

மற்றவர் கவிதைகளுக்கு மெட்டமைத்ததில் ஒரு வேடிக்கை உண்டு. கம்யூனிஸ்ட் லூயி அரகோனின், மகிழ்ச்சியான காதல் என்று ஒன்றில்லை என்னும் கவிதைக்கும், கத்தோலிக்கர் ஃபிரான்சிஸ் ழாமின் மரியன்னைப் பிரார்த்தனைக்கும் ஒரே மெட்டு. இரண்டும் பன்னிரண்டு அசை அடி, ஆறாம் அசையில் வெட்டு. அதனால் அச்சு அசலாகப் பொருந்துகிறது. சோம்பேறித்தனம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒன்றில் கசப்பாக ஒலிக்கும் அதே இறங்குமுகம் மற்றதில் மண்டியிடுவதாகக் கேட்கிறது. அரகோனின் கடைசிப் பத்தியை, நாட்டுப்பற்றும் ஆறுதலும் வருகிற பத்தியை, அவர் வெட்டிவிட்டார். நல்ல வெட்டு என்பதே என் கட்சி.

அந்த்துவான் பொல் விவகாரம் வேறு மாதிரி. போர்க்காலத்தில் பழைய சாமான் சந்தையில் பிரசான்ஸ் வாங்கிய, 1918இல் அச்சான கவிதைப் புத்தகத்தில், வழியில் கண்டு கைவிட்டுப் போன பெண்களைப் பற்றி ஒரு கவிதை. எழுதியவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பல வருஷம் மெட்டோடு மல்லுக்கட்டி முடித்தபிறகு, அனுமதிக்காக ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நேரில் சந்திப்பதற்குள் 1971இல் பொல் காலமானார். பாட்டு 1972 தட்டில் வந்தது. இன்று அந்தக் கவிஞரின் பெயர் நிலைத்திருப்பது அந்த ஒரு பாட்டால்.

வாசிக்க நினைப்பவர்களுக்கு: நைலான் தந்தி போட்ட கிட்டார் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிட்டார் செய்து தந்தவர் பாரிஸ் கிளின்யான்கூர் தெருவில் பட்டறை வைத்திருந்த ழாக் ஃபாவினோ. பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம். கட்டைவிரல் தடித்த தந்தியில் கார்டின் மூல ஸ்வரத்தை ஒரு தடவை, ஐந்தாம் ஸ்வரத்தை ஒரு தடவை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். நடுவே ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் மெல்லிய மூன்று தந்தியை ஒரே சமயத்தில் கிள்ள வேண்டும். நாலு தாளத்துக்குக் கட்டை-கிள்ளு-கட்டை-கிள்ளு, வால்ட்ஸுக்குக் கட்டை-கிள்ளு-கிள்ளு. கிள்ளியவுடன் இடதுகை அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஒலியைத் துண்டியுங்கள். இதைச் செய்யாமல் தந்தியை ஒலிக்கவிட்டால் கார்டு ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வரிகளின் மெய்யெழுத்துகள் மூழ்கிவிடும். நல்ல வாசிப்பாளர்களும் கோட்டைவிடும் இடம் அது. இன்னொன்று வேகம்: தொடங்கிய வேகத்திலேயே முடிக்க வேண்டும். கிட்டார் கடிகாரமாக நிற்பதால்தான் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் நழுவ முடிகிறது. இரண்டும் சேர்ந்து நழுவினால் கேட்கச் சகிக்காது. தட்டுகளில் கேட்கிற அழகான எதிர்மெட்டு இரண்டாம் கிட்டாருடையது; 1970களில் அது பெரும்பாலும் ழொயல் ஃபாவ்ரோ. அதையும் தனியாளாக வாசிக்கப் பார்க்காதீர்கள்.

எல்லாப் பாட்டும் காலத்தைத் தாண்டி நிற்கிறது என்று சொல்லமாட்டேன். பெண்களைப் பற்றிய சில கேலிகள் இன்று எரிச்சலூட்டுகின்றன. 1964இல் ஆங்கிலேயர் பக்கம் ஒரு மாமா, ஜெர்மானியர் பக்கம் ஒரு மாமா, இருவரும் செத்தார்கள், யாருக்கு லாபம் என்று பாடியதை போர்க்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் இருந்தவர்கள் மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. எட்டு வருஷம் கழித்து, கொள்கைக்காகச் சாகலாம், ஆனால் மெதுவாகச் சாகலாம் என்ற பாட்டால் பதில் சொன்னார். அது முந்தையதைவிடக் கூர்மையான பாட்டு. 1967இல் பிரெஞ்சு அகாதெமி கவிதைக்கான பெரும் பரிசைக் கொடுத்தது. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேடை அவருக்குக் கடைசிவரை உபத்திரவம்தான். வியர்வை கொட்டும். சிறுநீரகக் கல்லின் வலி வருஷக்கணக்காக விரட்டியது. அப்படியும் 1976 அக்டோபர் முதல் 1977 மார்ச் வரை, பாரிஸின் பொபினோ அரங்கில் ஐந்து மாதம் பாடினார். அதுதான் கடைசி. புற்றுநோய் வந்தது. 1981 அக்டோபர் 29 அன்று மோன்பெலியே அருகே செந்-ழெலி-து-ஃபெஸ்கில், சிகிச்சை செய்த மருத்துவரின் வீட்டில் இறந்தார்.

என்னை ஸெத்தின் கடற்கரை மணலில் புதையுங்கள் என்று 1966இல் ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் விண்ணப்பப் பாட்டு ஒன்று எழுதியிருந்தார். பன்னிரண்டு, பன்னிரண்டு, எட்டு என்று இரட்டை வரிசையில் ஆறடிப் பத்திகள். ஒவ்வொரு தடவையும் நீண்ட இரண்டு அடிக்குப் பின் குட்டையான அடி வந்து, அலை கரையில் உடைவதுபோல் உடையும். அதே ஊரில் பிறந்து, மேட்டில் கடலைப் பார்த்த கல்லறையில் உறங்கும் கவிஞர் பால் வலேரியிடம், கவிதையில் நீங்கள் பெரியவர், என் கல்லறையாவது உங்களுடையதைவிடக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அதில் வம்பிழுக்கிறார். கிடைத்தது கடற்கரை அல்ல. ஊரின் மறுபுறம் தோ ஏரியை நோக்கிய, ஏழைகளின் கல்லறை என்று பெயர்பெற்ற லெ பீ. பின்னாளில் யோஹாவையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பக்கத்திலேயே 1991இல் அவருக்கொரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

முடிக்காமல் விட்டுப்போன பாட்டுகளை நண்பர் ழான் பெர்தொலா ஒழுங்குபடுத்தி 1982இல் இரட்டைத் தட்டாகப் பாடி வெளியிட்டார். புதிதாகக் கேட்பவர்கள் அதில் தொடங்க வேண்டாம். 1964, 1966 தட்டுகள் இரண்டையும் முதலில் கேளுங்கள், பிறகு 1952க்குப் போங்கள். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள்; அடுத்த தடவை அதை மூடிவைத்துவிட்டு, நிக்கோலாவின் பாஸை மட்டும் பின்தொடருங்கள்.